ஜிடிபியின் டீபக் லாக்: எப்படிப் போடுவது, எப்படிப் படிப்பது

"நெக்ஸ்ட் போட்டா சில வரியில ஓடுதுங்க்கா, சில வரியில மாட்டேங்குது" என்று தம்பி வந்து நின்றபோது மணி நாலு. நெக்ஸ்ட் என்பது, புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் டீபக்கரான ஜிடிபியில், ஒரு வரியை ஓட்டி நிற்கும் கட்டளை. காலை பத்தரையிலிருந்து அவன் அதே இடத்தில்தான் இருந்தான். கணினியைப் போர்டோடு இணைக்கும் எஸ்டி-லிங்க் கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டான். ஓப்பன்ஓசிடியை நிறுத்தித் திரும்ப ஏற்றிவிட்டான். சிப்போடு பேசும் எஸ்டபிள்யூடி இணைப்பின் வேகத்தைக் குறைத்துவிட்டான். கடைசியில் போர்டையே மாற்றிவிட்டான். இவ்வளவு நேரத்தில் அவன் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்று. அந்த வரியில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று ஜிடிபியிடம் கேட்கவில்லை.

கோவையில் மோட்டார் பம்ப் கண்ட்ரோலர்களுக்கு ஃபர்ம்வேர் எழுதுகிறேன். போர்டில் இருப்பது எஸ்டிஎம்32எஃப்103, கார்டெக்ஸ்-எம்3 கோர். கணினிக்கும் போர்டுக்கும் நடுவில் ஓப்பன்ஓசிடி, அதனிடம் பேசுவது ஜிடிபி. இந்த மூன்றும் சேர்ந்து ஓடும்போது எங்கோ ஒன்று தடுமாறினால் நம் கை உடனே கேபிளுக்குப் போகிறது. ஜிடிபியும் ஒரு புரோகிராம்தான். ஒவ்வொரு அடியிலும் தான் என்ன முடிவு எடுக்கிறது, எதை அனுப்புகிறது, எது திரும்பி வந்தது என்று எழுதிக் காட்டும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. பல வருடம் ஜிடிபியோடு வேலை செய்பவர்கள்கூட அதைத் தொடாமல் இருப்பதைப் பார்க்கிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு சின்ன விஷயம். கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஜிடிபியில் ஆங்கிலத்தில், எல்லாம் சின்ன எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஜிடிபியில் லாக் என்று சொல்லும்போது இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. ஒன்று, திரையில் வருவதை அப்படியே ஃபைலில் எழுதி வைப்பது. அது 'செட் லாக்கிங்' குடும்பம். இன்னொன்று, ஜிடிபி தன் உள்வேலையை வெளியே சொல்வது. அது 'செட் டீபக்' குடும்பம். இரண்டாவதை மட்டும் போட்டால் திரை நிரம்பி வழியும், எதுவும் மிஞ்சாது. முதலாவதை மட்டும் போட்டால் ஃபைல் இருக்கும், அதில் விவரம் இருக்காது. இரண்டும் சேர வேண்டும், அதுவும் முதலாவது முன்னால் வர வேண்டும்.

முதலாவதிலிருந்து தொடங்குவோம். நான் அடிக்கும் வரிசை இது:

செட் பேஜினேஷன் ஆஃப்
செட் விட்த் 0
செட் டிரேஸ்-கமாண்ட்ஸ் ஆன்
செட் லாக்கிங் ஃபைல் நெக்ஸ்ட்-பிரச்சினை-1.டிஎக்ஸ்டி
செட் லாக்கிங் டீபக்ரீடைரெக்ட் ஆன்
செட் லாக்கிங் எனேபிள்ட் ஆன்

பேஜினேஷனை நிறுத்தாவிட்டால் ஒரு பக்கம் நிரம்பியதும் ஜிடிபி நின்றுகொண்டு, தொடர என்டர் தட்டச் சொல்லும். டீபக் லாக் ஓடும்போது அந்த நிறுத்தம் வந்தால், எதிர்முனையில் ஓப்பன்ஓசிடி காத்துக்கொண்டிருக்கும். நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் தாமதத்தோடு நீங்களே இன்னொரு தாமதத்தைச் சேர்த்துவிடுவீர்கள். விட்த் 0 என்பது நீண்ட வரியை உடைக்காதே என்று சொல்வது. பிறகு கிரெப் போட்டுத் தேடும்போது இதன் அருமை தெரியும்.

டிரேஸ்-கமாண்ட்ஸ் என்பதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். ஜிடிபியின் லாக் ஃபைலில் விடைதான் பதிவாகும், நீங்கள் அடித்த கட்டளை பதிவாகாது. மறுநாள் திறந்தால் பத்து பேக்டிரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) வரிசையாக இருக்கும், எது எப்போது எதற்காக எடுத்தது என்று தெரியாது. இதை ஆன் செய்தால் ஒவ்வொரு கட்டளையும் முன்னால் ஒரு கூட்டல் குறியோடு ஃபைலில் விழும். இன்னொருவருக்கு லாக் அனுப்பும்போது அவர் முதலில் கேட்பது "நீங்க என்ன அடிச்சீங்க?" என்றுதான். பதில் ஃபைலிலேயே இருக்கும்.

ஃபைல் பெயர் கொடுக்காவிட்டால் நீங்கள் நிற்கும் டைரக்டரியில் ஜிடிபி.டிஎக்ஸ்டி என்று ஒன்று உண்டாகும். ஏற்கெனவே அந்தப் பெயரில் ஒன்று இருந்தால் அதன் வாலில் ஒட்டிக்கொண்டே போகும். நேற்றையதும் இன்றையதும் ஒரே ஃபைலில் கலந்து, நேற்று வந்த பிழையை இன்று தேடுவீர்கள். 'செட் லாக்கிங் ஓவர்ரைட் ஆன்' போட்டால் பழையதை அழித்துப் புதிதாக எழுதும். எனக்கு அதில் விருப்பமில்லை. நடுவில் ஒரு தடவை லாக்கை ஆஃப் செய்து ஆன் செய்தாலே அதுவரை எழுதியதெல்லாம் போய்விடும். ஒட்டுவதை அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வொரு முயற்சிக்கும் பெயரின் கடைசியில் எண்ணை மாற்றிக்கொள்வதுதான் என் வழக்கம். 1, 2, 3 என்று போகும். எந்த ஃபைல் எதற்கு என்று பக்கத்தில் ஒரு நோட்டில் ஒரு வரி.

டீபக்ரீடைரெக்ட் என்பது உள்வேலைச் செய்திகள் ஃபைலுக்கு மட்டும் போகட்டும், திரைக்கு வர வேண்டாம் என்று சொல்வது. இது இருந்தால் திரை சுத்தமாக இருக்கும், வழக்கம்போல வேலை செய்யலாம். இதன் பக்கத்திலேயே வெறும் 'ரீடைரெக்ட்' என்று இன்னொன்று இருக்கிறது. அது எல்லா விடைகளையும் திரையிலிருந்து எடுத்துவிடும். பிரின்ட் அடித்தாலும் ஒன்றும் வராது. ஜிடிபி தொங்கிவிட்டது என்று நினைத்து கில் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைத் தொட வேண்டாம்.

எனேபிள்ட் கடைசியில் இருப்பதற்குக் காரணம் உண்டு. லாக் ஓடத் தொடங்கிய பிறகு ஃபைல் பெயரையோ ரீடைரெக்டையோ மாற்றினால் அது உடனே எடுபடாது. ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் போனால் பழைய ஃபைலிலேயே எழுதிக்கொண்டிருக்கும்.

பதிப்பு விஷயமும் இங்கேதான் இடிக்கும். 'லாக்கிங் எனேபிள்ட் ஆன்' என்பது 2022-இல் வந்த 12-ஆம் பதிப்பில் நுழைந்தது. அதற்கு முன்னால் 'செட் லாக்கிங் ஆன்' மட்டும்தான். சிப் கம்பெனிகள் தங்கள் டூல்செயினோடு சேர்த்துத் தரும் ஜிடிபி பெரும்பாலும் பழசாக இருக்கும், எனவே முதலில் 'ஷோ வெர்ஷன்' அடித்துப் பாருங்கள். புதிய பதிப்புகள் பழைய வடிவத்தையும் ஏற்றுக்கொள்ளும். எல்லாம் போட்டு முடித்ததும் 'ஷோ லாக்கிங்'. ஃபைல் பெயர் என்ன, ஒட்டுகிறதா அழிக்கிறதா, டீபக் செய்திகள் எங்கே போகின்றன என்று எல்லாம் வரும். அதைப் பார்க்காமல் நான் அடுத்த அடி வைப்பதில்லை.

சரி, இனி உள்வேலை. 'ஹெல்ப் செட் டீபக்' அடித்தால் நீளமான பட்டியல் ஒன்று வரும். ஃபிரேம், சிம்டேப், எக்ஸ்பிரஷன், இன்ஃப்ரன், ரிமோட் என்று பல. எல்லாவற்றையும் ஆன் செய்யும் ஆசை வரும். செய்யாதீர்கள். ஒரு ஸ்டெப்புக்கு ஆயிரக்கணக்கான வரி வந்தால் உங்களுக்கு வேண்டிய மூன்று வரி அதில் மூழ்கிவிடும். அதோடு ஜிடிபி மெதுவாகும். நேரத்தைச் சார்ந்த பிரச்சினையாக இருந்தால் அந்த மெதுவாலேயே அது மறைந்துகூடப் போகும்.

என் அனுபவத்தில், போர்டு சம்பந்தப்பட்ட பிரச்சினைகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்ஃப்ரன், ரிமோட் இரண்டே போதும், கூடவே நேரம் போட ஒரு வரி:

செட் டீபக் டைம்ஸ்டாம்ப் ஆன்
செட் டீபக் இன்ஃப்ரன் 1
செட் டீபக் ரிமோட் 1

டைம்ஸ்டாம்ப் ஒவ்வொரு டீபக் வரிக்கும் முன்னால் நேரத்தை மைக்ரோவிநாடி வரை போடும். இன்ஃப்ரன் என்பது புரோகிராமை ஓட்டுவது, நிறுத்துவது, அடி எடுத்து வைப்பது ஆகியவற்றில் ஜிடிபி எடுக்கும் முடிவுகளைச் சொல்லும். ரிமோட் என்பது எதிர்முனைக்குப் போகும் பாக்கெட்டுகளையும், அதாவது சின்னச் சின்னச் செய்திகளையும், வரும் பதில்களையும் காட்டும். இன்ஃப்ரன் ஜிடிபியின் மனசு, ரிமோட் அதன் வாய் என்று தம்பிக்குச் சொன்னேன். மனசில் நினைத்ததும் வாய் சொன்னதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் கதை புரியும்.

பாக்கெட்டைப் படிப்பது முதலில் மிரட்டும். அரை மணி நேரம் பார்த்தால் பழகிவிடும். ஒவ்வொரு பாக்கெட்டும் டாலர் குறியில் தொடங்கும், ஹாஷ் குறி வரும், அதற்குப் பின் இரண்டு இலக்கத்தில் செக்சம், அதாவது செய்தி சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண். நடுவில் உள்ள எழுத்துகளின் மதிப்பை எல்லாம் கூட்டி 256-ஆல் வகுத்த மீதி அது, ஹெக்ஸில். எல்லா ரெஜிஸ்டரையும் கொடு என்று கேட்கும் பாக்கெட்டில் இருப்பது ஆங்கிலச் சின்ன ஜி ஒன்றுதான். அந்த எழுத்தின் ஆஸ்கி மதிப்பு ஹெக்ஸில் 67. எனவே கம்பியில் போவது $ஜி#67. இந்த ஒன்றைக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் மற்றவை அந்நியமாகத் தெரியாது.

அப்புறம் அடிக்கடி வருபவை சில. சின்ன எம் என்றால் மெமரியைப் படி. முதல் எண் முகவரி, இரண்டாவது எத்தனை பைட். பிரேக்பாயின்ட் என்பது புரோகிராம் வந்ததும் நிற்க வேண்டிய இடம். பெரிய இசட்0 சாஃப்ட்வேர் பிரேக்பாயின்ட் வை, பெரிய இசட்1 ஹார்ட்வேர் பிரேக்பாயின்ட் வை. சின்ன இசட் வந்தால் அதை எடு. பதிலாக ஓகே வந்தால் நடந்துவிட்டது. ஈ-யில் தொடங்கினால் பிழை. ஒன்றுமே இல்லாமல் வெறுமையாக வந்தால் 'இந்தப் பாக்கெட் எனக்குத் தெரியாது' என்று எதிர்முனை சொல்கிறது. வெறுமையைப் பிழை என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். தொடக்கத்தில் ஜிடிபி பலவற்றைக் கேட்டுப் பார்க்கும், பாதிக்கு வெறுமையே வரும். அது வழக்கமான பேச்சுவார்த்தை. டி05 என்று வந்தால் புரோகிராம் நின்றுவிட்டது. 5 என்பது சிக்டிராப், அதாவது பிரேக்பாயின்டிலோ ஸ்டெப் முடிந்தோ நின்றது.

இப்போது தம்பியின் மேசைக்கு வருவோம்.

"ஒரு தடவை ஓடுற வரியில நெக்ஸ்ட் போடு. அப்புறம் ஓடாத வரியில போடு. வேற எதுவும் தொடாதே" என்றேன். லாக் போட்டிருந்தோம். நல்ல வரி, கெட்ட வரி, இரண்டும் ஒரே ஃபைலில் அடுத்தடுத்து. கெட்டதை மட்டும் பதிவு செய்தால் அதில் எது வழக்கம், எது கோளாறு என்று தெரியாது. பக்கத்தில் நல்லது ஒன்று இருந்தால் வித்தியாசம் தானாகக் கண்ணில் படும்.

நல்ல வரி ஒரு சாதாரணக் கூட்டல். கவுன்டரில் ஒன்றைச் சேர்க்கிறது. லாக்கில் ஆறு இசட்1, ஆறு ஓகே. பிறகு ஸ்டெப், டி05, நின்றது. கெட்ட வரி கரன்ட் சென்சாரைப் படிக்கும் ஃபங்ஷனை அழைக்கிறது. அங்கேயும் ஆறு இசட்1, ஆறு ஓகே. ஸ்டெப், டி05. அதற்குப் பிறகு இன்ஃப்ரன் ஒரு வரி எழுதியிருந்தது: 'ஸ்டெப்ட் இன்டு சப்ரூட்டீன்'. அதை அடுத்து, 8001246 என்ற முகவரியில் ஸ்டெப்-ரெஸ்யூம் பிரேக்பாயின்ட் வைக்கிறேன் என்று இன்னொரு வரி. உடனே ரிமோட் பக்கம் ஏழாவது இசட்1, அதே முகவரிக்கு. பதில் ஈ-யில் தொடங்கியது.

"இந்த அட்ரஸ்ல நான் பிரேக்பாயின்ட் வைக்கவே இல்லைங்க்கா" என்றான்.

அவன் வைக்கவில்லை. ஜிடிபி வைத்தது. நெக்ஸ்ட் என்றால் அழைக்கப்படும் ஃபங்ஷனுக்குள் நிற்காமல் அது முடிந்து திரும்பும் இடத்தில் நிற்க வேண்டும். அதற்கு ஜிடிபி செய்யும் வழி எளிமையானது. ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்ஷனாக நடக்கும். ஃபங்ஷனுக்குள் நுழைந்துவிட்டோம் என்று தெரிந்ததும், திரும்பி வரும் முகவரியில் தானாக ஒரு தற்காலிக பிரேக்பாயின்ட் வைத்துவிட்டு ஓட விடும். டிஸ்அசெம்பிள் போட்டுப் பார்த்தோம். அழைக்கும் பிஎல் இன்ஸ்ட்ரக்ஷன் இருந்தது 8001242-இல். அது நாலு பைட். நாலைக் கூட்டினால் 8001246. லாக்கில் இருந்த அதே எண்.

இந்த சிப்பில் நம் கோட் ஃபிளாஷில் இருக்கிறது. ஃபிளாஷில் இன்ஸ்ட்ரக்ஷனை மாற்றி எழுதி சாஃப்ட்வேர் பிரேக்பாயின்ட் வைப்பது சுலபமில்லை என்பதால், ஜிடிபி அங்கே ஹார்ட்வேர் பிரேக்பாயின்டையே கேட்கும். கார்டெக்ஸ்-எம்3-இல் ஹார்ட்வேர் பிரேக்பாயின்ட்களைக் கவனிக்கும் எஃப்பிபி பிரிவில் அதற்கு ஆறு கம்பேரேட்டர்தான் இருக்கிறது, ஒன்றுக்கு ஒரு பிரேக்பாயின்ட். தம்பி ஆறையும் தன் பிரேக்பாயின்ட்களுக்கே எடுத்துக்கொண்டான். ஜிடிபிக்குத் தேவைப்பட்ட ஏழாவதுக்கு இடமில்லை.

திரையில் ஜிடிபி காட்டிய செய்தியும் 'அளவுக்கு மேல் கேட்டிருக்கலாம்' என்றுதான் இருந்தது. அவன் அதைப் பார்த்திருக்கிறான். ஆனால் "ஆறு இருக்கு, நான் ஆறுதானே வெச்சேன்" என்று அவன் கேட்டதும் நியாயமான கேள்விதான். 'இன்ஃபோ பிரேக்பாயின்ட்ஸ்' அடித்தால் நீங்கள் வைத்தவை மட்டும்தான் தெரியும், ஜிடிபி தனக்காக வைத்தது வராது. ஏழாவது ஆள் யார் என்பதை லாக் மட்டும்தான் காட்டியது.

தீர்வு ஒரு நொடி வேலை. 'டிஸேபிள் 4' என்று ஒரு பிரேக்பாயின்டை உறங்க வைத்தோம். டெலீட் செய்யத் தேவையில்லை. டிஸேபிள் செய்தாலே ஜிடிபி அதைச் சிப்பில் வைக்காது, கம்பேரேட்டர் காலியாகிவிடும். நெக்ஸ்ட் ஓடியது. ஃபினிஷ், அன்டில் போன்றவற்றுக்கும் இதே கதைதான், அவற்றுக்கும் தற்காலிக பிரேக்பாயின்ட் வேண்டும். எம்3-இல் எப்போதும் ஐந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஒன்றை ஜிடிபிக்கு விட்டு வையுங்கள். கார்டெக்ஸ்-எம்0 என்றால் மொத்தமே நாலுதான், அங்கே மூன்று.

லாக்கைப் படிக்கும்போது நான் தேடும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் ஈ-யில் தொடங்கும் பதில்கள். அடுத்து நேர இடைவெளி. அனுப்பிய வரிக்கும் பதில் வரிக்கும் நடுவில் இரண்டு விநாடி ஓடியிருந்தால், காரணம் பெரும்பாலும் 'ரிமோட்டைம்அவுட்'. அதன் இயல்பான மதிப்பு 2 விநாடி. எதிர்முனை அதற்குள் பதில் தராவிட்டால் ஜிடிபி பொறுமை இழந்து, பாக்கெட் பிழையைப் பொருட்படுத்தாமல் தொடர்கிறேன் என்று சொல்லும். அப்போது 'செட் ரிமோட்டைம்அவுட் 20' போட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். மூன்றாவதாக, ஜோடி சேராத பாக்கெட். கேள்வி இருக்கிறது, பதில் இல்லை. அங்கேதான் கம்பியை, கேபிளைச் சந்தேகிக்க வேண்டும். கேபிளைச் சந்தேகிக்க வேண்டிய இடம் மூன்றாவதுதான் என்பதைக் கவனியுங்கள்.

பெரிய மெமரியைப் படிக்கும்போது லாக்கில் பாக்கெட் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். அது கோளாறு இல்லை. ஒரு பாக்கெட்டில் 512 எழுத்துவரைதான் காட்டும் என்று ஒரு வரம்பு இருக்கிறது. முழுவதும் வேண்டுமானால் 'செட் டீபக் ரிமோட்-பாக்கெட்-மேக்ஸ்-கேர்ஸ்' என்பதில் வரம்பை உயர்த்திக்கொள்ளலாம்.

ஓப்பன்ஓசிடியின் பக்கத்தையும் சில நேரம் கேட்க வேண்டிவரும். ஜிடிபிக்கு உள்ளிருந்தே கேட்கலாம். 'மானிட்டர்' என்று தொடங்கினால் மீதி அப்படியே ஓப்பன்ஓசிடிக்குப் போகும்:

மானிட்டர் லாக்_அவுட்புட் ஓசிடி-1.டிஎக்ஸ்டி
மானிட்டர் டீபக்_லெவல் 3

இயல்பு நிலை 2. 3 என்பது டீபக். 4 அதற்கும் கீழே, கம்பியில் போகும் பைட் வரை இறங்கும். நான் 4 போட்டது மிகக் குறைவு. அந்த ஃபைல் ஓப்பன்ஓசிடி ஓடும் டைரக்டரியில் உண்டாகும், ஜிடிபி ஓடும் இடத்தில் இல்லை. தேடிக்கொண்டிருக்காதீர்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் 'மானிட்டர் டீபக்_லெவல் 2'. எங்கள் ஏழாவது பிரேக்பாயின்ட் கதையில், காலியான எஃப்பிபி கம்பேரேட்டர் கிடைக்கவில்லை என்று ஓப்பன்ஓசிடி தன் டெர்மினலில் காலையிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தது. அந்த விண்டோ மினிமைஸ் ஆகியிருந்தது.

இரண்டு பக்க லாக்கையும் பொருத்திப் பார்ப்பதில் ஒரு தொல்லை. இரண்டின் நேரக் கணக்கும் வேறு. அதனால் முக்கியமான அடிக்கு முன்னால் 'மானிட்டர் எக்கோ குறி-1' என்று ஒரு கட்டளை அடித்துவிடுவேன். ஜிடிபி லாக்கிலும் அந்தச் சொல் விழும், ஓப்பன்ஓசிடி லாக்கிலும் விழும். இரண்டு ஃபைலிலும் குறி-1 என்று தேடினால் ஒரே இடத்தில் நிற்பீர்கள்.

லினக்ஸ் ஓடும் போர்டில் ஜிடிபிசர்வரோடு (போர்டிலேயே ஓடி ஜிடிபியோடு பேசும் புரோகிராம்) வேலை செய்பவர்களுக்கும் இதே முறைதான். பழைய பதிப்புகளில் ஜிடிபிசர்வரை எழுப்பும்போது இரட்டைக் கோடு டீபக், இரட்டைக் கோடு ரிமோட்-டீபக் என்று கொடுத்தால் அதன் பக்கத்துக் கதை வரும். 15-ஆம் பதிப்பிலிருந்து ரிமோட்-டீபக் இல்லை, இரட்டைக் கோடு டீபக்=ரிமோட் என்று கொடுக்க வேண்டும். புதிய பதிப்புகளில் டீபக்-ஃபைல் என்று பெயர் கொடுத்து ஃபைலுக்கும் திருப்பலாம். உங்கள் புரோகிராமின் சொந்த பிரின்ட்எஃப் வெளியீடு ஜிடிபியின் லாக்கில் வராது. அது ஜிடிபிசர்வர் ஓடும் டெர்மினலில் வரும். எங்கள் போர்டில் யுஆர்ட் என்ற சீரியல் இணைப்பு வழியாக வேறு டெர்மினலுக்கு வரும். இரண்டும் ஒரே ஃபைலில் இருக்கும் என்று நம்பித் தேடி ஏமாற வேண்டாம்.

லினக்ஸில் அடிக்கடி வரும் இன்னொரு தலைவலி, டீபக் சிம்பல் (முகவரியை ஃபங்ஷன் பெயரோடும் வரியோடும் பொருத்தும் தகவல்) கிடைக்கவில்லை என்பது. ஃபைல் கண் முன்னால் இருக்கும், ஜிடிபி இல்லை என்னும். 'செட் டீபக் செபரேட்-டீபக்-ஃபைல் ஆன்' போட்டால் எந்தெந்தப் பாதையில் தேடியது, ஏன் ஒதுக்கியது என்று வரிசையாகச் சொல்லும். ஆனால் சிம்பல் ஏறுவது ஜிடிபி தொடங்கும்போதே நடந்துவிடுகிறது. அதனால் கட்டளை வரியில் 'ஐஎக்ஸ்' (ஐ, ஈ, எக்ஸ் என்ற மூன்று எழுத்து) விருப்பத்தோடு இதைக் கொடுக்க வேண்டும். ஐஎக்ஸ் புரோகிராமை ஏற்றுவதற்கு முன் ஓடும். வெறும் 'எக்ஸ்' (ஈ, எக்ஸ்) ஏற்றிய பிறகுதான் ஓடும், அதற்குள் நீங்கள் பார்க்க வேண்டியது கடந்து போயிருக்கும்.

எல்எல்டிபி என்ற வேறொரு டீபக்கரைப் பயன்படுத்துபவர்களுக்கு வடிவம் வேறு, எண்ணம் ஒன்றே. 'லாக் லிஸ்ட்' என்றால் பிரிவுகள் தெரியும். 'லாக் எனேபிள் ஜிடிபி-ரிமோட் பாக்கெட்ஸ்' என்றால் பாக்கெட் வரும். நடுவில் ஒற்றைக் கோடு எஃப் போட்டு ஃபைல் பெயர் தரலாம். விஎஸ் கோடில் மைக்ரோசாஃப்டின் சி++ நீட்சி வழியாக ஜிடிபியை ஓட்டுபவர்கள் லான்ச் ஃபைலில் லாக்கிங் பகுதியில் 'இன்ஜின்லாக்கிங்' என்பதை ட்ரூ ஆக்கினால், எடிட்டர் ஜிடிபியிடம் என்ன சொல்கிறது என்பது தெரியும்.

இவ்வளவையும் ஒவ்வொரு தடவையும் அடிக்க முடியாது. ஜிடிபி தொடங்கும்போது தானாகப் படிக்கும் ஜிடிபிஇனிட் என்ற ஃபைல் என் ஹோம் டைரக்டரியில் இருக்கிறது, அதில் இரண்டு சொந்தக் கட்டளைகள் வைத்திருக்கிறேன். பெயர் லாக்போடு, லாக்நிறுத்து. 'டிஃபைன் லாக்போடு' என்று தொடங்கி, மேலே சொன்ன வரிகளை அதே வரிசையில் எழுதி, 'எண்ட்' என்று முடிப்பேன். ஃபைல் பெயர் வர வேண்டிய இடத்தில் டாலர் குறி போட்டு ஏஆர்ஜி0 என்று எழுதினால், கூப்பிடும்போது கொடுக்கும் பெயர் அங்கே வந்து உட்காரும். லாக்நிறுத்து என்பதில் ரிமோட் 0, இன்ஃப்ரன் 0, பிறகு லாக்கிங் எனேபிள்ட் ஆஃப். இந்த ஃபைலை புராஜெக்ட் டைரக்டரியில் வைத்தால் பாதுகாப்புக் காரணத்தால் ஜிடிபி தானாக ஏற்ற மறுக்கும். பாதுகாப்பான பாதை என்று நாம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். ஹோமில் வைத்தால் அந்த வேலை இல்லை.

இன்னொரு வசதியைச் சொல்லாமல் விட மனசில்லை. 'செட் ரிமோட்லாக்ஃபைல்' என்று ஒன்று இருக்கிறது. இதுவும் எதிர்முனையோடு நடந்த பேச்சை ஃபைலில் எழுதும், ஆனால் நாம் படிப்பதற்கான வடிவில் இல்லை. அந்த ஃபைலை ஜிடிபிரீப்ளே என்ற சின்ன புரோகிராமிடம் கொடுத்தால், அது போர்டு போலவே நடிக்கும். அன்று வந்த பதில்களை அதே வரிசையில் திரும்பத் தரும். நீங்களும் அதே கட்டளைகளை அதே வரிசையில் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். போர்டு களத்தில் ஒரு கிணற்று மேட்டில் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும்போது, இங்கே மேசையில் உட்கார்ந்து அன்றைய ஜிடிபி உரையாடலைத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இதைத் தொடங்குவதானால் 'டார்கெட் ரிமோட்' அடிப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள். முதல் பாக்கெட்டிலிருந்து இருந்தால்தான் பிரயோஜனம்.

லாக்கை வெளியாருக்கு அனுப்பும் முன் ஒரு வேலை இருக்கிறது, இதில் நான் கறாராக இருப்பேன். ரிமோட் லாக்கில் மெமரியின் உள்ளடக்கம் அப்படியே ஹெக்ஸில் இருக்கும். எங்கள் கண்ட்ரோலர் விவசாயியின் மொபைல் எண்ணை மெமரியில் வைத்திருக்கும், கரன்ட் வந்ததும் அவருக்கு மெசேஜ் அனுப்ப. ஆஸ்கியில் 0 முதல் 9 வரை ஹெக்ஸில் 30 முதல் 39. லாக்கில் 393834 என்று ஓடினால் அது 984. வரிசையாகப் பத்து மூன்றுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் இலக்கம் என்று தெரிந்தால் அது ஒருவரின் போன் எண். வைஃபை பாஸ்வேர்டும் சாவிகளும் இப்படித்தான் வெளியே போகும். ஃபைலை அனுப்பும் முன் இந்த மாதிரி வரிசைகளைத் தேடி மறைத்துவிடுங்கள். டெஸ்ட் போர்டில் பொய் எண்ணைப் போட்டு லாக் எடுப்பது இதைவிட நல்லது, இப்போது நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

கடைசியாக அணைக்கும் வேலை. லாக்நிறுத்து அடித்த பிறகு 'ஷோ டீபக்' போட்டு எல்லாம் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று ஒரு பார்வை. டைம்ஸ்டாம்ப் மட்டும் ஆன் இருந்தால் தொந்தரவில்லை. தம்பி அன்று ஐந்தரை மணிக்கு ஃபைலுக்கு 'ஏழாவது-பிரேக்பாயின்ட்' என்று பெயர் மாற்றி, புராஜெக்டின் குறிப்புகள் டைரக்டரியில் சேர்த்தான். கூடவே தன் ஜிடிபிஇனிட்டில் லாக்போடு கட்டளையை எழுதிக்கொண்டு, சரியா இருக்கா பாருங்க்கா என்று காட்டினான். எனேபிள்ட் வரி ஃபைல் பெயருக்கு மேலே இருந்தது. அதைக் கீழே இறக்கச் சொன்னேன்.